வாரியங்கள் யாருக்காக?

ஒரு வட்டாரம் முன்னேறிற்று என்று எதைக் கொண்டு சொல்வது? பாதையின் அகலத்தைக் கொண்டா? ஆலைகளின் தொகையைக் கொண்டா? அன்றி, அங்கு வாழும் ஏழையின் அடுப்பங்கரையைக் கொண்டா? கடைசியில் சொன்னதே உண்மையான அளவுகோல் என்பது நமது திண்ணமான அபிப்பிராயமாகும்.

மலேசியாவில் அபிவிருத்தி ஸ்தாபனங்களுக்குப் பஞ்சமில்லை. 1956-ம் ஆண்டில் பெல்டா தோன்றிற்று. நிலமற்ற குடும்பங்களுக்குச் சுமார் 10 ஏக்கர் வீதம் நிலமளித்து, வீடு, பாதை, பள்ளிக்கூடம், மருந்தகம் யாவற்றையும் ஒரே கையால் அது அமைத்தது. பின்னர், 1972-ல் தென்கிழக்கு ஜோகூருக்குக் கெஜோரா, 1973-ல் நடுத் திரங்கானுவுக்குக் கெதெங்கா, 1978-ல் தென் கிளந்தானுக்குக் கெசெடார் என வாரியங்கள் பெருகின. 2007-ல் இஸ்கந்தர் வட்டாரத்திற்கெனத் தனிச் சட்டமே பிறந்தது. இவற்றின் நற்பணிகளை நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்நன்மை தோட்டத்து வாயிலில் ஏன் நின்றுவிடுகிறது என்றே கேட்கிறோம்.

“தோட்டம் தனியார் சொத்து; வசதி செய்வது முதலாளியின் கடமை” என்பார்கள். நன்று! 1990-ம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டமும் அக்கடமையை முதலாளி தலையிலேயே சுமத்தியது. ஆனால் தோட்டம் கைமாறி நகரமாகும் அன்று, முதலாளி எங்கே? லயம் எங்கே? வேலை போனால் நஷ்டஈடு பெற 1980-ம் ஆண்டு விதிகள் உண்டு. வேலையோடு வீடும் போனால், அத்தொகை எத்தனை மாத வாடகைக்குக் காணும்? தோட்டத்துக் கணக்கை எழுதும் நமக்கு அது தெரியாததன்று.

தனியார் சொத்தைத் தொடலாகாது என்பதும் வெறும் சாக்கு. 1960-ம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 1991-ல் திருத்தப்பட்டு, பொருளாதார அபிவிருத்திக்காகவும் தனியார் நிலத்தை எடுக்க வழி செய்தது. ஆலைக்கு எடுக்கக் கூடிய நிலத்தைத் தொழிலாளியின் குடிசைக்கு எடுக்கலாகாதா?

சகோதரர்களே, பிறரைக் குறை கூறுவதோடு நம் வேலை முடிந்துவிடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவிய கைகளே சந்தா செலுத்தித் தோட்டங்களை வாங்கின. ஒற்றுமை வெறும் மேடைப் பேச்சன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, தோட்டம் நகரமாகும் வட்டாரங்களில், நிலத்துக்குத் திட்டம் வரையுமுன் அங்குள்ள குடும்பங்களை எண்ணுக. வீட்டு மனையும் தொழிற்பயிற்சியும் முதலில் அளித்திடுக. வாரியத்தில் தொழிலாளிக்கும் ஓர் ஆசனம் தருக என்று ஒன்றுகூடிக் கேட்போம். மக்களை வெளியேற்றி மண்ணை மட்டும் உயர்த்துவது அபிவிருத்தியன்று. அது வெறும் நில வியாபாரமே!