நாலு விரல் மருந்து

நம்ம வயசுக்காரர்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியோ பழைய வேட்டைக்கு வந்துவிடுகிறது. பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி என்று காடுகளின் பெயரைச் சொல்லி, "எங்க தாத்தாவோட நாட்டுத் துப்பாக்கி குறி தப்பவே தப்பாது" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். இந்தப் பேச்சை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

குறி என்பது சுடுகிறவன் கண்ணிலும் கையிலும் மட்டும் இல்லை. பாதிக் குறி மருந்தில் இருக்கிறது. குண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் கிளம்பினால்தான் ஒரே இடத்தில் போய்ப் படும். வேகம் குறைந்தால் தாழ்ந்து போகும். அந்த வேகம் ஒன்றாக இருக்க வேண்டுமானால் மருந்தின் எடை, பொடியின் பருமன், ஈரம், இறுக்கம் எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் தங்கள் ரைபிளுக்கான தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வது உண்டு. மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். நம் ஆசாரி தங்கம் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து நிறுக்கிறார்கள். எந்த மருந்து என்பதும் முக்கியம். கைத்துப்பாக்கிக்கு வேகமாக எரிகிற மருந்து. கனமான குண்டை நீளமான குழலில் தள்ளுகிற ரைபிளுக்கு நிதானமாக எரிகிற மருந்து. இதை மாற்றிப் போட்டால் குண்டு நகர்வதற்குள் அழுத்தம் ஏறித் துப்பாக்கியே வெடிக்கும்.

வெயிலும் ஒரு கணக்கு. வெள்ளைக்காரர்கள் 1889-இல் கார்டைட் என்ற புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார்கள். கயிறு போல நீளநீளமாக இருந்ததால் அந்தப் பெயர். நம் நீலகிரி அருவங்காட்டில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை கட்டினார்கள். சூடு ஏறினால் கார்டைட்டின் அழுத்தமும் ஏறும். குளிர்ந்த சீமையில் நன்றாகச் சுட்ட தோட்டா இந்திய வெயிலில் சுட்டதும் வீங்கிக் குழலிலேயே மாட்டிக்கொள்ளும். காயம்பட்ட புலி எதிரே வரும்போது காலித் தோட்டா வெளியே வராவிட்டால் என்ன ஆகும்? அதனால் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்தைக் குறைத்துத் தனியாகத் தோட்டா செய்து அனுப்பினார்கள்.

இத்தனை கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு நம் நாட்டுத் துப்பாக்கியைப் பாருங்கள். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கருமருந்து. வாய்வழியாகக் கொட்டி, துணியை அடைத்து, கம்பியால் கெட்டிப்பார்கள். சின்ன வயசில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அளவு சொல்லிக் கேட்டிருக்கிறேன். "மூணு விரல் போடு, பன்னின்னா நாலு விரல் போடு" என்பார்கள். யார் விரல்? எத்தனை தடவை இடித்த மருந்து? மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மருந்தா, சித்திரை வெயிலில் காய்ந்த மருந்தா? கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மாறும்; அதில் ஒரு பங்கு புகையோடு போக, மீதி கசடாகக் குழலிலேயே தங்கும். அந்தக் கசடு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். மேலே குண்டுக்குப் பதில் பால்ரஸும் ஆணித்துண்டும். தாத்தா எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் இதில் குறி என்று ஒன்று கிடையாது.

"காட்டுக்குள் ஆண்டர்சன் துரை சுடவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. கென்னத் ஆண்டர்சன் எழுதிய ஜவளகிரியும் கெம்பேகரையும் நம் பக்கத்து ஊர்கள்தான். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைபிள். தொழிற்சாலையில் அளந்து அடைத்த புகையில்லாத் தோட்டா. அதை வைத்துக்கொண்டு சுட்டவரே காயம்பட்ட மிருகத்தைத் தேடி அலைந்த கதைகளை எழுதியிருக்கிறார்.

குறி தப்பினால் மிருகம் தப்பிக்கிறது என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அது காயத்தோடு போகிறது. ஜிம் கார்பெட் 1907-இல் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலது பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. என்றோ யாரோ சுட்ட குண்டின் வேலை. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்று கார்பெட் எழுதினார். அரைகுறையாகப் போன ஒரு குண்டுக்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன என்று யோசியுங்கள். புலியை விடுங்கள், காலில் புண்ணோடு ராகிக் கொல்லையில் புகுந்த பன்றி ஆளைப் பார்த்தால் விலகிப் போகாது, பாயும். பன்றி என்று நினைத்து இருட்டில் ஆளைச் சுட்ட செய்திகளும் பேப்பரில் வரத்தான் செய்கின்றன.

விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. நாலு மாசம் பாடுபட்ட நிலக்கடலையையும் மரவள்ளியையும் பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிடும். அவரிடம் போய் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தை மட்டும் படித்துக் காட்டினால் போதாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு மேல் வனத்துறையினரே சுடலாம் என்றது. நல்ல முடிவுதான். ஆனால் மனு கொடுத்த வாரமே ஆள் வந்தால்தான் அதற்கு மதிப்பு. அறுவடை முடிந்து வந்தால் பரண்மேல் இருக்கிற துப்பாக்கி கீழே இறங்கத்தான் செய்யும். வனத்துறை இதை உணர வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் தோட்டா, மருந்து தயாரிப்பதும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தாமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவர்கள் மேல் வழக்கு இல்லை என்று போலீசாரும் வனத்துறையும் அவ்வப்போது நம் மாவட்டக் கிராமங்களில் அறிவிக்கிறார்கள். 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் வந்த பிறகு காட்டோரக் கிராமங்களில் கண்காணிப்பும் கூடியிருக்கிறது. அடுத்த தடவை அறிவிப்பு வரும்போது ஊர்க்கவுண்டரையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவதுதான் புத்தி. பரண்மேல் துருப்பிடித்துக் கிடக்கிற குழலை ஒரு நாள் பேரன் எடுத்து, பட்டாசுக் கடையில் வாங்கியதைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தால், அந்தத் துரு தாங்காது. போவது அவன் விரல்களாக இருக்கும்.

தாத்தா பெரிய வேட்டைக்காரர் என்று சொல்லிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதோடு, அவர் காயப்படுத்தி விட்டுவந்த மிருகங்கள் எத்தனை என்று அவருக்கே தெரியாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.