குற்றவாளி சிப் அல்ல

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் 'பான்' என்றால் பழுது. ரிப்பேருக்கு 'தெபானே' என்று ஒரு சொல் உண்டு. பழுதை நீக்குவது என்று பொருள். பாகத்தைத் தூக்கி எறிவது என்று பொருள் அல்ல. நம் ஊர் ரிப்பேர்க் கடைகளில் இந்த வித்தியாசம் மறந்துபோய்விட்டது என்பது என் வருத்தம்.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார். கண் பார்வை போய் நான்கு வருடம் ஆகிறது. பாட்டுக் கேட்பது ஒன்றுதான் அவருக்குத் துணை. அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயர் ஒரு நாள் பாடும், ஒரு நாள் ஊமையாகிவிடும். கடைக்காரர் இரண்டு முறை டிஎல்072 சிப்பை மாற்றினார். மூன்றாவது முறை, "ஐயா, ஆப்-ஆம்ப் லேட்ச் ஆகுது. போர்டே போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

லேட்ச்-அப் என்பது உண்மையான நோய்தான். உள்ளே வரும் சிக்னல் எல்லை மீறினால், வெளியீடு ஒரு பக்கத்து வோல்டேஜில் போய் ஒட்டிக்கொள்ளும். சிக்னல் சரியான பிறகும் இறங்காது. கரண்டை நிறுத்தினால்தான் விடும். 1965-இல் வந்த 709 சிப்புக்கு இந்தத் தொல்லை இருந்தது. 1968-இல் வந்த 741 அதிலிருந்து தப்பியது. ஆனால் ஒட்டிக்கொண்ட சிப்பெல்லாம் கெட்ட சிப் என்று தீர்ப்பு எழுதலாமா?

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஊமையாக இருந்த நேரத்தில் சிப்பின் 4-ஆம் காலில் மைனஸ் 15 வோல்ட் சரியாக இருந்தது. 8-ஆம் காலில் பிளஸ் 15 இருக்க வேண்டும். இருந்ததோ மைனஸ் 0.7! அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் போட்டால் பிளஸ் 15 வந்துவிட்டது, பாட்டும் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். பவர் சப்ளையில் 7815, 7915 என்று இரண்டு ரெகுலேட்டர்கள். மைனஸ் பக்கம் முந்திக்கொண்டால், சிப்புகள் வழியாகப் பிளஸ் பக்கத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே இழுத்துவிடும். அப்படி இழுபட்ட 7815 எழுந்திருக்காமல் படுத்துவிடும். மேலிடத்து உத்தரவு வராமல் ஃபைல் நின்றதற்குக் கீழே இருக்கும் குமாஸ்தாவை மாற்றல் செய்வதை என் உத்தியோகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே சிப்புக்கும் அதே கதி.

மருந்து, இரண்டு 1என்4001 டயோடு. ஒன்றின் கோடு போட்ட முனை பிளஸ் 15-இலும் மறு முனை கிரவுண்டிலும். மற்றதன் கோடு போட்ட முனை கிரவுண்டிலும் மறு முனை மைனஸ் 15-இலும். செலவு சில ரூபாய். அன்றிலிருந்து ஒரு நாளும் ஊமையாகவில்லை.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டிரான்ஸ்ஃபார்மரின் மெயின்ஸ் பக்கம் கை வைக்காதீர்கள். நம் வயதில் கை நடுங்கும். தெரிந்த பையனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரரை நான் திட்டவில்லை. மாற்றுவது சுலபம், அளப்பதற்கு நேரம் வேண்டும். ஆனால் பென்ஷன்காரரிடம் "புதுசு வாங்குங்க" என்று சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் அளந்து பார்க்கலாம் அல்லவா? இனி உங்களிடம் யாராவது "போர்டு போச்சு" என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, சப்ளையை அளந்து பார்த்தியா?"