காசு நம்மளுது, சாவி அவங்களுது

பிராசசர்னா வெறும் சிலிக்கான் சில்லு, அதுக்குள்ள ஏது மென்பொருள்னு இன்னமும் அடிச்சுப் பேசுற மக்களுக்குத்தான் இந்தப் பதிவு.

"சாம்பார் வை"ன்னு நாம ஒத்தை வரியில சொல்லிடுறோம். பருப்பை வேகவை, புளியைக் கரை, கடைசியில தாளின்னு அதைப் பிரிச்சுச் செய்யறது அடுக்களையில நடக்குது. பிராசசருக்குள்ளயும் அதே கதைதான். கூட்டல் மாதிரி எளிய கட்டளைகளை மின்சுற்றே நேரடியாப் பார்த்துக்கும். நினைவகத்துல ஒரு பெரிய பகுதியை நகலெடுக்கிற மாதிரி சிக்கலான கட்டளை வந்தா, சில்லுக்குள்ள எழுதி வச்சிருக்கிற குறிப்பைப் பார்த்துச் சின்னச் சின்ன வேலைகளாப் பிரிக்கும். அந்தக் குறிப்புதான் மைக்ரோகோட். 1951-ல் மாரிஸ் வில்க்ஸ் முன்வைத்த யோசனை இது. 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360-ல், வேகத்திலும் விலையிலும் எட்டாத தூரத்தில் இருந்த பல மாடல்கள் ஒரே கட்டளைத் தொகுப்பைப் புரிந்துகொண்டது இதன் தயவில்தான்.

1994-ல் பென்டியத்தின் வகுத்தல் பிழை வெளியே வந்து, சில்லையே மாத்தித் தர வேண்டிய நிலைமை. இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் பழுத்தது. 1995-ல் வந்த பென்டியம் ப்ரோவில் மைக்ரோகோடுக்கு ஒட்டுப்போடும் வசதி இருந்தது. கணினி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பயாஸோ இயங்குதளமோ அந்த ஒட்டை ஏத்தும். மின்சாரத்தை நிறுத்தினா அழிஞ்சிடும்.

நல்ல வசதிதான், யார் இல்லைன்னா? என் சண்டை வேற. இன்டெல் தரும் அந்த ஒட்டு மறைகுறியாக்கப்பட்டு வருது. என்ன மாத்தினாங்கன்னு காசு கொடுத்து வாங்கினவன் படிக்க முடியாது!

"திறந்து விட்டா திருடன் புகுந்துடுவானே"ன்னு உடனே ஒரு வக்காலத்து வரும். இங்கதான் ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புறாங்க. கண்டவன் எழுதாம தடுக்கறது கையொப்பம். அது கட்டாயம் வேணும். உரிமையாளர் படிக்காம தடுக்கறது மறைகுறியாக்கம். அது எதுக்கு? வீட்டுக்குப் பூட்டு வேணும், சரி. வீட்டுக்காரன் கண்ணையும் சேர்த்துக் கட்டணுமா?

ரகசியம் காப்பாத்தும்னு நம்புறவங்க 2025-ல் வெளியான ஏஎம்டி சமாச்சாரத்தைப் பாருங்க. ஸென் பிராசசர்களில் ஒட்டைச் சரிபார்க்கப் பயன்படுத்தின சாவி, ஒரு தரநிலை ஆவணத்தில் எடுத்துக்காட்டாக அச்சிட்டிருந்த அதே சாவி! கண்டுபிடிச்சது கூகிள் ஆய்வாளர்கள். தற்போக்கு எண் கேட்டா எப்பவும் 4-ன்னே சொல்ற ஒட்டு ஒண்ணையும் செஞ்சு காட்டினாங்க. சரிபார்க்கும் முறையை முதல்லயே வெளிப்படையா வச்சிருந்தா, எவனாவது ஒரு மாணவனே சுட்டிக்காட்டியிருப்பான்.

2018-ல் இன்டெல் இன்னும் ஒருபடி மேலே போச்சு. ஸ்பெக்டர் வகைப் பிழைகளுக்கான ஒட்டு போட்டா வேகம் எவ்வளவு குறையுதுன்னு அளந்து வெளியிடக் கூடாதுன்னு உரிமத்திலேயே எழுதினாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் அந்த வரியைத் தூக்கிட்டாங்க. ஆக, கேட்டா கிடைக்கும். கேட்கணும், அவ்வளவுதான்.

கையொப்பம் உங்ககிட்டயே இருக்கட்டும் சாமிகளா. உள்ளே என்ன எழுதியிருக்கீங்கன்னு மட்டும் காட்டுங்க.