அமத்தேர் என்றால் அரைகுறை இல்லை

கோடை விடுமுறைக்கு மகனும் பேரனும் சென்னையிலிருந்து கிளியனூர் வந்திருந்தார்கள். பேரன் ஒன்பதாவது முடித்திருக்கிறான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் கண்ணயர்ந்திருந்தேன். உள்ளே அறிமுகமில்லாத குரல் ஒன்று தமிழில் பேசுவது கேட்டது. விருந்தாளி யாரோ வந்திருக்கிறார் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனேன். பேசியது பேரனின் மடிக்கணினி.

"என்னடா, இது தமிழ் பேசுது?"

"ஆமா தாத்தா, இவங்க சோழர் படை. ராஜேந்திர சோழன் கதை. வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன். எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

அந்த விளையாட்டின் பெயர் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்'. வெறும் சுட்டுத் தள்ளும் விளையாட்டு இல்லை. சில குடியானவர்களை வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். விறகு வெட்டி, மீன் பிடித்து, பயிர் வைத்து, ஊர் கட்டி, அப்புறம்தான் படை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற கணக்கில்தான் வெற்றி தோல்வி. குடும்பம் நடத்தியவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

இதன் வரலாற்றைப் பேரனிடம் துருவித் துருவிக் கேட்டேன். நாற்பது வருடம் கோப்பு பார்த்தவன், ஒன்றின் பூர்வோத்தரம் தெரியாமல் விட மனம் வராது.

அமெரிக்காவில் டல்லாஸ் பக்கத்தில் 'என்செம்பிள் ஸ்டுடியோஸ்' என்ற நிறுவனம் 1997-ல் முதல் பாகத்தையும் 1999-ல் இரண்டாம் பாகத்தையும் உருவாக்கியது. வெளியிட்டது மைக்ரோசாஃப்ட். 2000-ல் இரண்டாம் பாகத்துக்கு ஓர் இணைப்பு வந்தது. அதோடு சரி. 2009-ல் அந்த நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். பழைய விளையாட்டு, பெற்றவர்களும் இல்லை. சாதாரணமாக அதோடு கதை முடிந்திருக்கும்.

முடியவிடாதவர்கள் ரசிகர்கள். பெல்ஜியம் நாட்டு பெர்ட் பீக்மன் என்பவரும் அவரைப் போன்ற சிலரும் சம்பளம் எதுவும் இல்லாமல், விளையாட்டில் இல்லாத நாட்டு மக்களைத் தாங்களே வடிவமைத்துச் சேர்த்து, 2012 கடைசியில் 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்று வெளியிட்டார்கள். மறக்கப்பட்ட பேரரசுகள் என்று பொருள். மைக்ரோசாஃப்ட் அவர்களைத் தடுக்கவில்லை, வேலையைக் கையில் கொடுத்தது. 13 வருடத்துக்குப் பிறகு, 2013-ல், அந்த ரசிகர்கள் செய்ததே அதிகாரபூர்வமான இணைப்பாக வந்தது. அதே பெயரில் நிறுவனமும் நடத்துகிறார்கள். 2019-ல் விளையாட்டை முழுவதுமாகப் புதுப்பித்ததிலும் அவர்களுக்குப் பெரிய பங்கு.

2013-ல் அவர்கள் நம்மையும் சேர்த்தார்கள், ஆனால் 'இந்தியர்' என்று ஒரே பெயரில். அந்த வீரர்கள் பேசியது இந்தி. தங்கள் வேலையில் இருந்த குறையை அவர்களே பிறகு சரி செய்தார்கள். 2022 ஏப்ரலில் வந்த இணைப்பில் அந்த ஒன்றை நான்காகப் பிரித்தார்கள்: இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர். திராவிடர் பேசுவது தமிழ். அவர்களுடைய மீன்பிடிப் படகு மற்றவர்களுடையதைவிடக் கூடுதல் பாரம் சுமக்கும். உருக்கு எஃகுக் கலையைக் கற்றுவிட்டால் அவர்கள் வாள்வீச்சுக்கு எதிரியின் கவசம் செல்லாது. 'உறுமி' வீரன் என்று ஒருவன் வருகிறான். நமக்கு உறுமி என்றால் மேளம். கேரளத்தில் அது சுருள்வாள். பெயரைப் பார்த்துவிட்டு, மேளத்தோடு சண்டைக்குப் போகிறானோ என்று ஒரு நிமிடம் குழம்பினேன்.

என் படிப்பு பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். அந்தக் காலத்துப் பத்திரங்களை வாசிக்க ஆள் வேண்டும் என்பதால்தான் எனக்குக் குமாஸ்தா வேலையே கிடைத்தது. பிரெஞ்சில் 'அமத்தேர்' என்று ஒரு சொல் உண்டு. ஆங்கிலம் வழியாக இங்கே 'அமெச்சூர்' ஆகி, அரைகுறை என்ற அர்த்தத்தில் திரிகிறது. மூலத்தில் அது லத்தீனிலிருந்து வந்தது. நேசிப்பவன் என்று பொருள். கூலிக்காக இல்லாமல், பிரியத்துக்காக ஒரு வேலையை எடுத்துப் போட்டுக்கொள்கிறவன்.

பீக்மன் கூட்டத்தார் அப்படிப்பட்ட அமத்தேர்கள். டல்லாஸ்காரர்கள் விட்டுப்போன வீட்டுக்கு ஓடு மாற்றி, வெள்ளையடித்து, புது அறை கட்டிக் குடி வைத்தவர்கள். மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இங்கிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எத்தனை பேர் போகிறோம்? அவனுடைய மகன் 1025-ல் கடாரத்துக்குக் கப்பல் விட்ட கதை, ஐரோப்பிய ரசிகர்கள் தொடங்கிய நிறுவனம் வழியாக என் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வெட்கத்துக்கு வேறு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நேர்மையாகாது.

2001-ல் என் மகன் பிளஸ் டூ. பள்ளி விட்டதும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதே விளையாட்டைத்தான் ஆடியிருக்கிறான். ஒருநாள் அவன் பையில் 200 பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. இயற்பியல் நோட்டு என்று திறந்தேன். உள்ளே கையால் வரைந்த வரைபடங்கள், கோட்டைகள், எந்தப் படையை எந்தப் படை வெல்லும் என்ற அட்டவணைகள், விளையாட்டில் இன்னும் என்னென்ன இருந்திருக்கலாம் என்ற குறிப்புகள். பாடத்தில் இப்படி எழுதியிருந்தால் மாநிலத்தில் முதல் ஆளாக வந்திருப்பான் என்று கத்திவிட்டு, நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பி.காம். படித்தான், நல்ல வேலையில் இருக்கிறான். என்னிடம் குறை சொன்னதே இல்லை.

அந்த நோட்டு பிழைத்திருந்தால் அவன் பெரிய விளையாட்டு வடிவமைப்பாளர் ஆகியிருப்பான் என்று சொல்ல வரவில்லை. ஆயிரம் பேர் ஆடினால் ஒருவர் அந்தத் தொழிலுக்குப் போனால் பெரிது. பிரியம் மட்டும் சோறு போடாது என்பது சம்பளக்காரனான எனக்குத் தெரியாததா? இணையச் சீட்டாட்டத்தில் பணம் கட்டிக் குடும்பத்தைத் தொலைப்பதையும் இதையும் ஒன்றாக்க வேண்டாம். அது சூது. அதற்கு நான் எதிரிதான்.

நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளைகளிடம் நாம் கேட்கும் கேள்வி தவறு. "எத்தனை மணி நேரம் விளையாடினே?" என்கிறோம். "அதுல நீ என்ன செஞ்சே?" என்று கேட்க வேண்டும். ஆடிவிட்டு எழுந்து போகிறவனுக்கு அது பொழுதுபோக்கு. அவனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள், தூங்கச் சொல்லுங்கள், போதும். ஆடிய பிறகு குறிப்பு எழுதுகிறவன், வரைபடம் போடுகிறவன், இது ஏன் இப்படி இருக்கிறது, வேறு மாதிரி இருந்தால் என்ன என்று துளைக்கிறவன் வேறு ரகம். அவன் ஒன்றை நேசிக்கிறான், அதன் வழியாக வேலை பழகுகிறான். அந்த நோட்டை நான் ஒரு பக்கமாவது நிதானமாகப் படித்திருக்க வேண்டும். 2022-ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது ஊரே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். சதுரங்கமும் ஒரு காலத்தில் "வேலையத்தவன் விளையாட்டு" என்று வசவு வாங்கியதுதான்.

மறுநாள் பேரனிடம் ஒரு குறை சொன்னேன். விளையாட்டில் சேர்க்க வேண்டிய செல்வங்கள் நான்கு: உணவு, மரம், பொன், கல். "உப்பே இல்லையேடா. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. அதுவும் மரக்காணம் பக்கத்துல உக்காந்துக்கிட்டு!"

"நாமளே வரைபடம் போட்டுக்கலாம் தாத்தா, அதுக்கு வசதி இருக்கு. பொன் குவியலுக்கு உப்புன்னு பேரு மாத்திடுறேன். நீங்க ஊரை வரைஞ்சு குடுங்க."

பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் கடற்கரை, உப்பளப் பாத்தி, கழுவெளி ஏரி, கோயில் எல்லாம் வரைந்தேன். மகன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்பா, தண்ணிக்கு இவ்ளோ பக்கத்துல கோட்டை வெச்சா கப்பல்லேருந்தே அடிச்சிடுவான்" என்று பென்சிலை வாங்கித் திருத்தினான்.

இருபத்துச் சொச்ச வருடம் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "அந்த நோட்டு இருந்திருந்தா இப்ப உதவியா இருந்திருக்கும்டா. நான் எரிச்சிருக்கக் கூடாது."

அவன் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விடுங்கப்பா. எல்லாம் ஞாபகத்துல இருக்கு" என்றான்.

அன்று ராத்திரி பதினொன்றரை வரை மூன்று பேரும் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தோம். எத்தனை மணி நேரம் என்று நான் கேட்கவில்லை.