கார்புரேட்டரும் ஒரு பாடநூலே!



மலேசியாவில் 'கப்சாய்' என்றால் அறியாதார் இலர். ஹோண்டா நிறுவனம் 1958-இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய சூப்பர் கப் வண்டியின் வழிவந்தவை அவை. நம்மவர் பலரின் வீட்டு வாசலில் இன்றும் ஒரு பழைய கப்சாய் நின்றுகொண்டிருக்கும். சில மாதங்கள் ஓட்டாமல் விட்டுவிட்டால் அது கிளம்ப மறுக்கும். கிளம்பினாலும் சமிக்ஞை விளக்கருகே அணைந்துபோகும். பல வேளைகளில் இதற்குக் காரணம், தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகப் படிந்து துளைகளை அடைத்துக்கொள்வதே.

அந்தக் கார்புரேட்டரைக் கழற்றித் துப்புரவு செய்யும் தந்தை, ஐந்தாம் ஆறாம் ஆண்டில் பயிலும் தம் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு அவ்வேலையைச் செய்ய வேண்டும். இதுவே என் வேண்டுகோள்.

உள்ளங்கையில் அடங்கும் அறிவியல்

பெட்ரோல் தனியே எரிந்து பயனில்லை. அது முழுமையாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இக்கலவையை உருவாக்குவதே கார்புரேட்டரின் பணி. அதன் நடுவே உள்ள குழாய் ஓரிடத்தில் குறுகும். அங்கே காற்று விரைந்து பாயும், அழுத்தம் குறையும். கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் மேலே தள்ளும். உறிஞ்சுகுழலில் குளிர்பானம் ஏறுவதும் இவ்வாறே. 1738-இல் பெர்னூலியும் 1797-இல் வென்சூரியும் நூலில் எழுதிய உண்மை, நம் வீட்டு வண்டியில் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது!

கிண்ணத்துள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் நிறைந்தால் அது மேலெழுந்து, ஓர் ஊசியால் வழியை அடைக்கும். குறைந்தால் கீழிறங்கித் திறந்துவிடும். கழிப்பறை நீர்த்தொட்டியில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். 'தானியங்கிக் கட்டுப்பாடு' என்று பத்து வரியில் விளக்குவதை, மிதவையை ஒருமுறை விரலால் தூக்கிப் பார்த்த பிள்ளை நொடியில் உணர்ந்துகொள்ளும்.

ஒழுங்கும் பொறுமையும்

இவ்வேலையில் அவசரத்திற்கு இடமில்லை. கழற்றும் ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படமெடுக்க வேண்டும். கழற்றிய திருகுகளை வெள்ளைத் தாளின்மீது வரிசையாக வைத்துப் பெயரெழுத வேண்டும். காற்றுத் திருகைக் கழற்றுமுன், அதை மெதுவாக இறுதிவரை உள்ளே திருகி, எத்தனைச் சுற்று எனக் குறித்துக்கொள்ள வேண்டும். மீண்டும் பூட்டும்போது அதே கணக்கில் வைக்க வேண்டும். தாளுக்குப் பொருந்தாத திருப்புளியைப் பயன்படுத்தினால் திருகின் தலை சிதைந்துவிடும்.

வண்டி நின்றபடி ஓடுவதற்கு உதவும் சிறிய ஜெட்டின் துளை, அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதனைக் கம்பியால் குத்தக்கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் கலவையின் அளவு கெட்டுவிடும். துப்புரவு மருந்தில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வட்டமான ஒளிப்புள்ளி தெரிந்தால் வெற்றி. தேய்ந்த ஊசியையும் இறுகிப்போன ரப்பர் வளையங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற, உதிரிபாகக் கடைகளில் 'ரிப்பேர் கிட்' கிடைக்கும். வண்டியின் மாதிரியைச் சொல்லிப் பொருத்தமானதை வாங்க வேண்டும். பூட்டியபின் பெட்ரோல் குழாயைத் திறந்து, கசிவு இல்லையென உறுதிசெய்த பின்னரே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

பாதுகாப்பு முதன்மை

எஞ்சின் ஆறிய பின்னர், திறந்த வெளியில், நெருப்போ சிகரெட்டோ அருகில் இல்லாதபோது மட்டுமே இதனைச் செய்க. பெட்ரோலை வடிப்பதும் மருந்து தெளிப்பதும் பெரியவரின் வேலை. பிள்ளை அப்போது தள்ளி நிற்கட்டும். கண்ணாடியும் கையுறையும் இருவருக்கும் தேவை. வடித்த பெட்ரோலைக் கால்வாயில் ஊற்றலாகாது.

"மெக்கானிக் ஆகவா படிக்க வைக்கிறோம்?"

இப்படிக் கேட்கும் பெற்றோர் உளர். வண்டி பழுதுபார்ப்பதை இழிவாகக் கருதும் மனப்பான்மை அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. நோயறிந்து மருந்து தரும் மருத்துவரும், ஓசை கேட்டுப் பழுதறியும் மெக்கானிக்கும் செய்வது ஒரே சிந்தனைதான்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடுதல்.

"இப்போது வரும் வண்டிகளில் கார்புரேட்டரே இல்லையே!" என்பது இன்னொரு மறுப்பு. பெரும்பாலும் உண்மைதான். எரிபொருளைப் பீய்ச்சும் மின்னணு முறை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால், அக்கணினியும் கணக்கிடுவது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைத்தான். மூடிய பெட்டிக்குள் நடப்பதைப் பிள்ளை பார்க்கவியலாது, கார்புரேட்டரில் பார்க்கலாம். பழைய வண்டிகள் மறையுமுன் அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வோமே!

இவற்றைவிட முக்கியமான ஒன்றுண்டு. பள்ளிக்கு வரும் தந்தையர் சிலர், "நமக்குப் படிப்பெல்லாம் தெரியாதுங்க சார்" என்று கூறி ஒதுங்கி நிற்பதை ஆசிரியர்கள் அறிவோம். அவர்களுள் எத்தனையோ பேர் எஞ்சினின் ஓசையைக் கேட்டே குறையைச் சொல்லக்கூடியவர்கள்! தமக்குத் தெரிந்தது அறிவியல் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதனால்தான் அவர்களின் பிள்ளைகளும் அப்பாவின் கறைபடிந்த கைகளைக் கண்டு கூசுகின்றனர். கல்வி பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே சுவர் எழுப்பலாமா?

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

விடுமுறைக்கு 'என் விடுமுறை' என்ற வழக்கமான கட்டுரையைக் கொடுப்பதற்கு மாறாக, 'என் வீட்டில் பழுதுபார்த்த ஒரு பொருள்' என்று கொடுத்துப் பார்ப்போம். கப்சாய் இல்லாத வீட்டில் மிதிவண்டிச் சங்கிலியோ தையல் இயந்திரமோ இருக்கும். என்ன பழுது, எப்படிக் கண்டறிந்தோம், எந்த வரிசையில் கழற்றினோம், ஏன் அப்படி என்று மாணவர் நல்ல தமிழில் எழுதட்டும். கற்றுத் தந்தவரின் பெயரையும் கட்டுரையின் கீழே எழுதச் சொல்வோம். அப்பெயர் தந்தையுடையதாகவோ பாட்டியுடையதாகவோ இருக்கும்போது, 'எனக்குப் படிப்பு தெரியாது' என்ற சொல் அவ்வீட்டிலிருந்து மெல்ல விடைபெறும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.