கப்பல்காரருக்கு ஒரு தராசு, பயணிக்கு ஒரு தராசா?



2024 மார்ச் 27ஆம் நாள், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே தீவில் நார்வீஜியன் டான் என்னும் உல்லாசக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. அதன் பயணிகள் எட்டுப் பேர் தாமாகவே ஏற்பாடு செய்துகொண்ட சுற்றுலாவுக்குச் சென்று, திரும்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு மணிக்கும் மேலாகத் தாமதித்து வந்தார்கள். கப்பல் அப்போதும் புறப்பட்டிருக்கவில்லை. தீவின் கடலோரக் காவலர்கள் தம் படகிலேயே அவர்களைக் கப்பலருகில் கொண்டு சேர்த்தார்கள். ஆயினும் ஏற்றிக்கொள்ள மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒரு கர்ப்பிணியும் ஓர் இதய நோயாளியும் இருந்தனர்.

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினருள் 'இப்னுஸ் ஸபீல்' என்போரை நாம் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறோம். ஊரில் வசதியுள்ளவராயினும் வழியில் கையறு நிலைக்கு ஆளானவர் அவர். பெரும்பாலான பண அட்டைகள் செல்லாத தீவில் நின்ற அந்த எட்டுப் பேருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் நமக்குத் தெரியவில்லை.

தாமதம் அவர்களின் தவறே. அதை நாம் மறைக்கவில்லை. கப்பல்தலைவருக்கு ஆயிரக்கணக்கானோரின் பொறுப்பும் அலையும் நேரமும் உண்டு. ஆனால் அதன் பின் நடந்ததைப் பாருங்கள். அந்த எட்டுப் பேரும் பல நாடுகள் வழியே பறந்து, அடுத்த துறைமுகமான காம்பியாவின் பஞ்சூலுக்கு வந்து சேர்ந்தார்கள். கப்பலோ அங்கு வரவில்லை. கடலின் நிலை ஒத்துவரவில்லை என்று பஞ்சூலையே பயணத்திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். பின்னர் அவர்கள் தரைவழியாகச் செனகலின் டாக்கருக்குச் சென்றுதான் கப்பலேறினார்கள். அந்தக் கடைசிப் பகுதியின் செலவைத் தருவதாக நிறுவனம் அறிவித்தது.

பயணி ஒரு மணி நேரம் பிந்தினால் கரையில் விடப்படுகிறார். கப்பல் ஒரு நாட்டையே தவறவிட்டால் அது 'பயணத்திட்ட மாற்றம்'! பயணச்சீட்டு ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். எந்தத் துறைமுகத்தையும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடவோ மாற்றவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டென்றும், அதற்காக இழப்பீடு கோர முடியாதென்றும் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் செல்லாத துறைமுகத்தின் வரியைத் திருப்பித் தருவதோடு கணக்கு முடிந்துவிடும்.

நம் ஃபிக்ஹு நூல்கள் உல்லாசக் கப்பலும் விமானமும் அறியாத காலத்தில் ஒட்டகத்தை வைத்தே இதைப் பேசிவிட்டன. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை ஓதியவர்கள் இஜாரா பாடத்தை நினைவுகூரட்டும். இன்ன ஒட்டகம் என்று குறிப்பிட்டு வாடகைக்குப் பேசி, அது வழியில் இறந்துவிட்டால், மீதித் தூரத்துக்கு ஒப்பந்தம் முறிந்துவிடும். கடந்த தூரத்துக்குரிய கூலி மட்டுமே கடமை. குறிப்பிடாமல், கொண்டு சேர்ப்பதாகப் பொறுப்பேற்றிருந்தாலோ, மாற்று ஒட்டகம் தந்தே ஆக வேண்டும். ஒட்டகக்காரர் மீது எந்தக் குற்றமும் இல்லாத நிலையிலேயே சட்டம் இது. தராத பயனுக்குக் கூலி இல்லை.

மருத்துவ அவசரத்தில் நிலைமை இன்னும் கொடிது. அதே சாவோ தோமேயில், எண்பது வயது மூதாட்டி ஒருவர் உடல்நலக் குறைவால் கப்பலிலிருந்து இறக்கப்பட்டிருந்தார். அவரைக் கண்டு, குடும்பத்தாரோடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தது கைவிடப்பட்ட அந்த எட்டுப் பேரில் சிலர்தாம். தாமே தவித்து நின்றவர்கள்!

கப்பல் மருத்துவர் தம் ஊழியரல்லர், தனி ஒப்பந்தக்காரர் என்று நிறுவனங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தன. அமெரிக்காவில் 1988இல் வந்த ஒரு தீர்ப்பும் அவற்றுக்கு அரணாக நின்றது. 2014இல்தான், மியாமி வழக்குகள் மேல்முறையீட்டுக்குச் செல்லும் பதினோராம் வட்டார நீதிமன்றம், மருத்துவரின் கவனக்குறைவுக்குக் கப்பல் நிறுவனமும் பொறுப்பாகலாம் என்று கூறியது. நடுக்கடலில் நோயாளிக்கு வேறு மருத்துவர் யார் இருக்கிறார்? தெரிந்தெடுக்க வழியில்லாத இடத்தில் 'தெரிந்தே ஒப்புக்கொண்டார்' என்பது வாதமா?

இதை வாசிக்கும் சிலர், 'அந்தக் கப்பல்களில் மதுவும் சூதாட்டமும் உண்டே, நமக்கேன் இந்தப் பேச்சு?' என்பார்கள். நம் பயான்கள் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. மது ஹராம் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். படிக்காமல் கையொப்பமிடும் ஒப்பந்தமும் மார்க்க விவகாரமே என்பதுதான் தெரியவில்லை. காப்பீடு கூடாதென்று விட்டுவிட்டு, தகாஃபுலும் தேடாமல், அவசரச் சிகிச்சைக்குக் கையில் பணமும் வைக்காமல் வயதான பெற்றோரைக் கடல் கடந்து அழைத்துச் செல்வதைத் தவக்குல் என்று சொல்லிக்கொள்வோரும் நம்மிடையே உண்டு. அது ஒட்டகத்தைக் கட்டாமல் விடுவதன்றி வேறில்லை.

அந்நிய நாட்டுக் கம்பெனிகளைக் குறை சொல்வது எளிது. நம் ஊர் உம்ரா ஏற்பாட்டாளர்களின் துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். 'ஹரமுக்கு அருகில் தங்குமிடம்' என்பது பெரிய எழுத்தில்; 'மாற்றத்துக்குட்பட்டது' என்பது அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில். மக்கா சென்றபின் தங்குமிடம் தொலைவில் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள உம்மா ஐவேளையும் வாகனத்துக்குக் காத்து நிற்கிறார். கேட்டால், 'இபாதத்துக்கு வந்திருக்கிறீர்கள், ஸபூர் செய்யுங்கள்' என்று பதில் வருகிறது. பொறுமையைப் போதித்துப் பாக்கிப் பணத்தை விழுங்குவதற்கு மார்க்கத்தில் எங்கே இடமிருக்கிறது?

ஆகவே, பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். தங்குமிடம் மாறினால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் குழுவில் யார் அவரோடு தங்குவார்? அவரது பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும்? ஊருக்கு யார் தகவல் சொல்வார்? பதில் எழுதித் தர மறுப்பவர் ஹாஜியாராயினும், ஆலிமாயினும், நம் மதரஸாவுக்கு நன்கொடை தருபவராயினும், அவரிடம் உங்கள் உம்மாவை ஒப்படைக்காதீர்கள்.