கரண்ட் பில்லில் வராத கார்பன்

புவி வெப்பமடைதல் என்றாலே அனல்மின் நிலையமும், ஆலைப் புகையும், லாரியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மருத்துவமனை நினைவுக்கு வராது. ஆனால் ‘ஹெல்த் கேர் வித்தவுட் ஹார்ம்’ என்ற அமைப்பு 2019ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் வெளியேற்றும் பசுமைக்குடில் வாயுக்களில் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருகிறது. நோயைத் தீர்க்கும் துறையே நோய்க்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்துக் கொண்டிருக்கிறது!

சரி, பெரிய ஆஸ்பத்திரிகளை விடுங்கள். ஜோலார்பேட்டை மாதிரி ஒரு ஊரில், வாடகைக் கட்டிடத்தில், இரண்டு பிசியோதெரபிஸ்ட், ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், ஒரு ஆயா என்று நடக்கும் ஒரு சின்ன தெரபி மையத்தை எடுத்துக் கொள்வோம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள், பேச்சு வராத குழந்தைகள், பக்கவாதம் வந்த பெரியவர்கள் அங்கே வருகிறார்கள். இந்த மையம் தன்னுடைய கார்பன் தடத்தைக் குறைக்க நினைத்தால் என்ன செய்யும்?

வழக்கமான பதில் எல்லோருக்கும் தெரியும். குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடுவது, காகிதத்தின் இரண்டு பக்கத்திலும் எழுதுவது, ஜூன் 5 அன்று ஒரு மரக்கன்று நட்டு போட்டோ எடுப்பது. இதில் எதுவும் தவறில்லை. ஆனால் இவற்றோடு நிறுத்திக் கொண்டால், பெரிய பங்கு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

ஒரு சின்னக் கணக்கு

அந்த மையம் மாதம் 250 யூனிட் மின்சாரம் செலவழிப்பதாக வைத்துக் கொள்வோம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. ஆக மாதம் 175 கிலோ.

இப்போது வாசலுக்கு வெளியே பாருங்கள். 40 குழந்தைகள், வாரம் இரண்டு முறை, மாதம் நான்கு வாரம். மொத்தம் 320 வருகைகள். நாட்றம்பள்ளி, கந்திலி, வாணியம்பாடிப் பக்கத்து கிராமங்கள் என்று சராசரியாக 15 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருவதாக வைத்தால், போக வர 30 கிலோமீட்டர். இந்த 320ல் 80 வருகை சொந்த டூவீலரில், 40 வருகை ஆட்டோவில், மீதி பஸ்ஸில் என்று கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. டூவீலர் லிட்டருக்கு 45 கிலோமீட்டரும், ஆட்டோ 25 கிலோமீட்டரும் ஓடினால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 230 கிலோ ஆகிறது. பஸ்ஸைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவு!

இவை எடுத்துக்காட்டுக்காகப் போட்ட எண்கள்தான். ஒவ்வொரு மையத்துக்கும் மாறும். ஆனால் விகிதம் சொல்லும் செய்தி பெரிதாக மாறாது. தெரபி மையத்தில் பெரிய இயந்திரம் கிடையாது, ஆபரேஷன் தியேட்டர் கிடையாது, மயக்க வாயு கிடையாது. இருப்பது பாய், பந்து, கண்ணாடி, தெரபிஸ்ட்டின் இரண்டு கைகள். அப்படிப்பட்ட இடத்தில் கார்பனின் பெரும்பகுதி ரோட்டில்தான் இருக்கும்.

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2020ல் நிகர பூஜ்ய இலக்கை அறிவித்தபோது, நோயாளிகளும் பார்வையாளர்களும் செய்யும் பயணத்தையும் தன் கணக்கில் சேர்த்துக் கொண்டது. அந்தப் பெட்ரோலுக்கு பில் கட்டுவது ஆஸ்பத்திரி இல்லை. ஆனாலும் அந்தப் பயணம் ஆஸ்பத்திரிக்காகத்தானே நடக்கிறது?

யார் சுமக்கிறார்கள்?

கணக்கில் எழுதாத செலவு என்னவாகும் என்பதை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைகளின் கணக்குப் புத்தகத்தில் பல ஆண்டுகள் பாலாறு ஒரு செலவாக எழுதப்படவே இல்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களும், நிலத்தை இழந்த விவசாயிகளும் அதைச் சுமந்தார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகுதான் அந்தச் செலவு காகிதத்துக்கு வந்தது.

ஒரு சின்ன சேவை மையத்தைத் தோல் தொழிற்சாலையோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் கேள்வி ஒன்றுதான். தெரபி மையத்தின் கணக்கில் வராத செலவை யார் சுமக்கிறார்கள்? பெரும்பாலும் அம்மாக்கள். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக் கொண்டு பஸ்ஸின் உயரமான படியில் ஏறுகிற அம்மா. ஷூ கம்பெனியில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிற அம்மா. 2021ல் தமிழக அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வருபவருக்கும் இலவசப் பயணத்தைக் கொண்டு வந்தது பெரிய உதவி. ஆனால் டிக்கெட் இலவசமானாலும் படியின் உயரம் குறையவில்லையே. பிள்ளை வளர வளர எடை கூடுகிறது. பஸ் ஆட்டோவாக மாறுகிறது. ஆட்டோவுக்குக் காசு தீர்ந்ததும் தெரபியே நின்றுவிடுகிறது.

மையத்தின் ரெஜிஸ்டரில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று மட்டும் இருக்கும். அந்த மாதம் கார்பன் குறைந்திருக்கும். அதை யாராவது வெற்றி என்று சொல்ல முடியுமா?

வழி ஏற்கனவே இருக்கிறது

ஆகவே பயணத்தைக் குறைக்க வேண்டும், தெரபியைக் குறைக்கக் கூடாது. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கு வரும் என்பது அதன் ஒரு பகுதி. அந்தத் திட்டம் கார்பனுக்காகக் கொண்டு வரப்பட்டதல்ல. ஆனால் ஆறு பேர் தனித்தனியாக ஊரைத் தேடி வருவதற்குப் பதில் ஒரு தெரபிஸ்ட் ஒரே ஸ்கூட்டரில் அந்த ஆறு பேரைப் பார்த்துவிட்டு வந்தால், பெட்ரோல் கணக்கு தானாகவே மாறிவிடும்.

அதற்கும் முன்பே காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஒரு பாடம் இருக்கிறது. 1955ல் அங்கே தொடங்கப்பட்ட ஷிஃபெலின் தொழுநோய் மையம், நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் சுற்றுவட்டார கிராமங்களுக்கே ஆட்களை அனுப்பி நோயைக் கண்டுபிடித்தது. வறண்டு கிடந்த அந்த வளாகத்தை, அதன் இயக்குநராக இருந்த டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி மரங்கள் வளர்த்தும் மழைநீரைத் தேக்கியும் சோலையாக்கினார். கைகால் உணர்விழந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்த ஒரு எலும்பு மருத்துவர், நிலத்துக்கும் சிகிச்சை செய்தார். சிகிச்சையும் சுற்றுச்சூழலும் வேறு வேறு வேலை என்று அவர் நினைக்கவில்லை.

ஒரு சின்ன மையம் செய்யக்கூடியவை

1. ரெஜிஸ்டரில் பெயர், வயதுக்குப் பக்கத்தில் ‘எந்த ஊர், எதில் வந்தார்’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். மூன்று மாதத்தில் முழுப் படமும் கிடைத்துவிடும்.

2. ஒரே திசையிலிருந்து வருபவர்களுக்கு ஒரே நாளில் நேரம் தரலாம். நான்கு குடும்பம் ஒரு ஆட்டோவைப் பகிர்ந்து கொள்ளும். அம்மாக்களுக்குப் பேச்சுத் துணையும் கிடைக்கும்.

3. வாரத்தில் ஒரு நாள் மையமே கிராமத்துக்குப் போகலாம். அங்கன்வாடியிலோ பள்ளியிலோ ஒரு அறை கேட்டால் போதும்.

4. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை அம்மாவுக்கும் பாட்டிக்கும் நன்றாகக் கற்றுத்தர வேண்டும். இடையில் ஒரு வீடியோ கால் போட்டுச் சரிபார்க்கலாம். கொரோனா காலம் இதைப் பழக்கிவிட்டது.

5. வளர்ந்த பிள்ளைக்குச் சிறிதாகிப் போன கேலிப்பரையும் நிற்கும் சட்டத்தையும் சரிசெய்து அடுத்த பிள்ளைக்கு அளந்து பொருத்தலாம். தோல் தைக்கவும் ஷூ அடிக்கவும் தெரிந்த கைகள் இவ்வளவு உள்ள வட்டாரத்தில், வார் அறுந்தால் புதிது வாங்க வேண்டிய அவசியம் என்ன?

எதைத் தொடக் கூடாது

சிக்கனம் என்றதும் முதலில் ஃபேனை நிறுத்துபவர்கள் உண்டு. வேலூர் வட்டாரத்து வெயில் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடல் சூட்டைத் தணிக்க முடியாது. அவர்களுக்கு ஃபேன் ஆடம்பரம் அல்ல. அதை நிறுத்துவதற்குப் பதில் மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்கலாம். 75 வாட் ஃபேனை மாற்றும்போது 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கலாம்.

அதேபோல எல்லாவற்றையும் போனுக்கு மாற்றிவிடவும் கூடாது. இறுகிப் போன தசையைத் தொட்டுத்தான் தளர்த்த முடியும். ஸ்கிரீனுக்குக் கை கிடையாது.

“இவ்வளவு சின்ன மையம் குறைத்து உலகம் குளிரப் போகிறதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இல்லை, குளிராது. ஆனால் ஜோலார்பேட்டையில் அந்தச் சின்ன மையம் இல்லாவிட்டால், அந்தக் குடும்பங்கள் 80 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து வேலூருக்குப் போக வேண்டும். பல பேர் போகவே மாட்டார்கள். மையம் இருப்பதே ஒரு சேமிப்பு. அதை இன்னும் நான்கு ஊர் பக்கத்தில் கொண்டுபோவது அடுத்த சேமிப்பு.

மிச்சமாகும் 200 கிலோ கரியமில வாயுவை யாரும் கண்ணால் பார்க்கப் போவதில்லை. ஆனால் அதோடு சேர்ந்து மிச்சமாகும் ஆட்டோ காசையும், ஒரு நாள் சம்பளத்தையும், பாதியில் நிற்காமல் தொடரும் தெரபியையும் அந்தந்த வீட்டில் பார்க்கலாம். தெரபி மையங்கள் நடத்துபவர்கள் அடுத்த ஜூன் 5 அன்று மரக்கன்றும் நடட்டும். அதற்கு முன் ரெஜிஸ்டரில் அந்த ஒரு கட்டத்தைப் போடட்டும்.